தறிவீடும் திருவாய்ப்பாடியும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஆழ்வார்கள் எல்லாரும் எம்பெருமானுடைய கல்யாண குணங்களிலே ஆழ்ந்தவர்கள். ஆயினும் மங்களாசாசனம் என்னும் காப்பிடுதல் மற்றை ஆழ்வார்களுக்கு ஒரோவிடத்தில் நிகழ்வது. பெரியாழ்வாருக்கோ அதுவே நித்ய யாத்திரை. இவ்வேறுபாட்டைப் பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் எடுத்துக் காட்டியருளினார். பாண்டியன் அவையில் பரத்வ நிர்ணயம் செய்து பொற்கிழி பெற்று யானைமேல் வலம் வந்த வேளையில், கருட வாகனனாய்ச் சேவை சாதித்த பெருமானைக் கண்டு, 'இவ்வழகுக்கு என்ன தீங்கு நேருமோ' என்று அஞ்சித் திருப்பல்லாண்டு பாடினார் அவர். காப்பவனையே காக்கப் புறப்பட்ட அந்தப் பரிவு அத்துடன் நில்லாமல், யசோதைப் பிராட்டியின் நிலையை எய்தி, 461 பாசுரங்களைக் கொண்ட பெரியாழ்வார் திருமொழியாகப் பெருகிற்று. அதன் தொடக்கப் பகுதியை ஓதுகிறவர், ஆயர் குலத்து வீடொன்றினுள்ளே, ஓயாமல் ஓடும் ஓர் ஆண்பிள்ளையின் பின்னால் தாமும் ஓடிக்கொண்டிருப்பதாகவே உணர்வர்.

இப்பகுதியை இன்று சிந்திக்க எடுத்துக்கொண்டதற்குக் காரணமான கேள்வி ஒன்று உண்டு. துடுக்கான சிறு பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் பலர் கேட்கும் கேள்வி அது. 'விடிந்தது முதல் இவர்கள் பின்னால் ஓடுவதற்கே பொழுது போய்விடுகிறது. திருவாராதனத்துக்கு நேரமில்லை, நாலு பாசுரம் நிம்மதியாகச் சேவிக்க முடியவில்லை. போதாக்குறைக்குக் கோபம் வந்து வாயில் வந்தபடி வைதுவிடுகிறோம். எங்களுக்கு என்ன கதி?' சிரித்துக்கொண்டே கேட்பார்கள். ஆனால் கேட்பவர் கண்களில் அயர்ச்சி தெரியும். ஆகவே இது விளையாட்டுக் கேள்வியன்று.

இக்கேள்வி பிறக்கும் இடத்தை அறிய ஆரணிக்குச் சென்று பார்க்கலாம். கமண்டல நாகநதிக் கரையில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஆரணி, பட்டு நெசவால் பெயர்பெற்ற ஊர். அங்கே தறி வைத்திருக்கும் எளிய குடும்பங்களில் தறிக்கென்று தனி இடம் இராது. உண்பதும் உறங்குவதும் எந்தக் கூடத்திலோ, அந்தக் கூடத்திலேதான் தறியும் இருக்கும். தரையில் குழி வெட்டி, அதனுள் காலை இறக்கி மிதியை மிதித்து நெய்வது குழித்தறி. அருகே இராட்டை, அதில் சுற்றிய தார்கள், நாடா, பட்டு நூல், விலை மிக்க சரிகை. ஓர் இழை அறுந்தாலும் வேலையை நிறுத்தி முடிபோட வேண்டும். நெய்த துணியில் கறை பட்டால் கூலி குறையும்.

இந்தக் கூடத்திலே ஐந்து வயதிலும் ஏழு வயதிலும் இரு பிள்ளைகளை விட்டுப் பாருங்கள். ஒருவன் தறிக்குழியைக் கிணறாக எண்ணிக் குதிப்பான். மற்றவன் தார்களை உருட்டி வண்டி விடுவான். நாடா காணாமற்போய், பின்கட்டுத் தொட்டி நீரில் ஓடமாக மிதக்கும். அதிகாலையில் தெரு நெடுகப் பாவை விரித்துக் கஞ்சி பூசி உலர்த்தும்போது, பெரியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழை பார்த்துக்கொண்டிருக்க, இவர்கள் அதன் கீழே குனிந்து ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். தந்தை தறியை விட்டு எழ முடியாது. தாய் அடுப்பையும் இராட்டையையும் பிள்ளைகளையும் ஒருங்கே பார்க்க வேண்டும். அவள் சலித்துக்கொள்வதில் வியப்பென்ன?

இனி ஆழ்வாரிடம் வருவோம். முதல் திருமொழியிலே கண்ணன் பிறந்த செய்தியைக் கேட்ட திருவாய்ப்பாடி என்ன பாடு பட்டது என்று அவர் காட்டுகிறார். ஒருவர்மேல் ஒருவர் எண்ணெயையும் மஞ்சள் பொடியையும் தூவிக்கொள்ள, முற்றம் சேறாகிறது. ஆயர்கள் ஓடுகிறார்கள், விழுகிறார்கள், ஆடுகிறார்கள். பாலும் தயிரும் நெய்யும் தூவப்படுகின்றன. தொங்க வேண்டிய உறிகள் முற்றத்தில் உருள்கின்றன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிறந்த பிள்ளை இன்னும் ஒரு கலத்தையும் உடைக்கவில்லை. ஒரு கன்றையும் அவிழ்க்கவில்லை. ஆய்ப்பாடியின் முதல் அமளியைச் செய்தவர்கள் பெரியவர்களே. சந்தோஷம் வீட்டுக்குள் நுழைந்த வழியிலேதான் ஒழுங்கின்மையும் நுழைந்தது. பொருள்களெல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்த நாள், கண்ணன் வருவதற்கு முந்திய நாள்.

அதே திருமொழியின் ஒன்பதாம் பாசுரத்தில் யசோதை மற்றொரு பெண்ணிடம் தன் நிலையைச் சொல்லுகிறாள். பிள்ளையைத் தொட்டிலில் விட்டால் அது கிழியும்படி உதைக்கிறானாம். 'சரி, எடுத்து வைத்துக்கொள்வோம்' என்று இடுப்பில் வைத்தால் இடுப்பு முறிந்துபோகிறதாம். இறுக அணைத்துக்கொண்டால் வயிற்றின்மேல் பாய்கிறானாம். கீழே விடவும் முடியாது, தூக்கவும் முடியாது, அணைக்கவும் முடியாது. நான்காவது வழி ஒரு தாய்க்கு ஏது? 'வலிமை இல்லாமையாலே நான் மெலிந்து போனேன்' என்று முடிக்கிறாள்.

இதைச் செவியுறும் ஆரணித் தாய் 'என் வீட்டுக் கதை' என்பாள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் நியூஜெர்சியிலும் இருக்கும் தாயும் அவ்வாறே சொல்வாள். ஆனால் அந்தக் கடைசிச் சொல்லில் சற்றே நின்று பார்க்க வேண்டும். யாருக்கு வலிமை இல்லை? மேலெழுந்தவாரியாகப் பார்த்தால், தாய்க்கு. 'இவனைச் சமாளிக்கும் சக்தி எனக்கில்லை. அதனால் இளைத்தேன்' என்பது ஒரு பொருள். உட்புகுந்து பார்த்தால், பிள்ளைக்கு. 'இத்தனை உதையும் துள்ளலும் தாங்கும் வலிமை இந்தப் பச்சை உடம்புக்கு இல்லையே! இவன் கால் நோகுமே! இதை எண்ணி எண்ணியே நான் இளைத்தேன்' என்பது மற்றொரு பொருள். முன்னது அயர்ச்சி, பின்னது பரிவு. பெரியாழ்வாருடைய திருவுள்ளத்துக்கு ஏற்றது பின்னதே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? சகடத்தை உதைத்துச் சிதறடித்த திருவடிக்கு நோவு வருமோ என்று அஞ்சுகிறவர் அவர்.

அன்பர்களே, இவ்விரண்டு பொருளும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது தற்செயலன்று. எந்தத் தாயின் சலிப்பிலும் இவ்விரண்டும் கலந்தே இருக்கின்றன. 'இவனால் என் உயிர் போகிறது' என்று அலறுகிறவள், அவன் தறிக்குழியில் தவறி விழுந்தால் முதலில் பார்ப்பது முழங்காலையா, அறுந்த இழையையா? அவளுடைய அயர்ச்சியின் அடியில் பரிவே படிந்து கிடக்கிறது. அதை அவள் அறியாமல் இருக்கலாம். அறியும்படி செய்வதற்கே ஆழ்வார் பாடினார்.

மேலே படியுங்கள். இரண்டாம் பத்தின் நான்காம் திருமொழி முழுவதும் ஒரு பிள்ளையை நீராட அழைப்பதிலேயே செல்கிறது. புழுதி அளைந்து, வெண்ணெய் நாற்றத்தோடு வந்தவனை இன்றிரவு இப்படியே படுக்க விடமாட்டேன் என்கிறாள். எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்துக்கொண்டு நெடும்பொழுதாகக் காத்திருக்கிறாள். தின்பண்டம் செய்து வைத்திருப்பதாக ஆசை காட்டுகிறாள். நப்பின்னை பார்த்தால் சிரிப்பாள் என்று வெட்கமூட்டுகிறாள். பிறந்த திருநாள் இன்று என்று நினைவூட்டுகிறாள். அவன் செய்தவற்றையும் அடுக்குகிறாள். கன்றின் காதிலே கட்டெறும்பைப் பிடித்து விடுவது. கன்றின் வாலிலே ஓலையைக் கட்டி ஓட விடுவது. பாம்பைத் துரத்திப் பிடித்து ஆட்டுவது. இத்தனையும் சொல்லி, 'உன்னோடு ஈடுகொடுக்க என்னால் ஆகாது' என்று தோல்வியையும் ஒப்புக்கொள்கிறாள். ஒப்புக்கொண்ட மறுகணம் மறுபடியும் அழைக்கிறாள். எம்பெருமான் நாராயணன் என்பதை அறிந்தவர் ஆழ்வார். அந்த நாராயணனைத்தான் 'ஓடாமல் வா' என்று கெஞ்சுகிறார். வேதங்கள் தேடியும் எட்டாத வஸ்து, ஒரு தாயின் கைக்கும் எட்டாமல் முற்றத்தைச் சுற்றி ஓடுகிறது. இதில் பரத்வமும் இருக்கிறது, சௌலப்யமும் இருக்கிறது.

அயலார் முறையீடும் அங்கே குறைவில்லை. ஒன்பதாம் திருமொழியில் அண்டை வீட்டுப் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து நிற்கிறார்கள். வெண்ணெயை உண்டதோடு நில்லாமல், ஓசை கேட்பதற்காக வெறும் கலத்தைக் கல்லிலே போட்டு உடைத்தான் என்கிறாள் ஒருத்தி. என் மகள் கைவளையைக் கழற்றி நாவற்பழக்காரியிடம் கொடுத்துப் பழம் வாங்கிக்கொண்டு, 'நான் இல்லை' என்று சிரிக்கிறான் என்கிறாள் மற்றொருத்தி. அடுக்ககத்தில் கீழ்வீட்டார் மேலே வந்து 'உங்கள் பிள்ளை குதிக்கிற குதியில் எங்கள் கூரை அதிர்கிறது' என்று சொல்லும்போது தலைகுனியும் தாய், இத்திருமொழியை நினைத்துக்கொள்ளலாம். அவளுக்கு முன்னே அந்த வாசலில் நின்று கேட்டவள் யசோதைப் பிராட்டி. பிராட்டி பிள்ளையை விட்டுக்கொடுக்கவுமில்லை, முறையிட்டவரைப் பகைத்துக்கொள்ளவுமில்லை. 'இங்கே வா' என்று அவனை அழைத்துக்கொள்கிறாள்.

இவ்வளவு கேட்டபின் ஒருவர், 'அவன் கண்ணன். அவன் தீம்பு செய்தால் அது லீலை. எங்கள் பிள்ளைகள் கண்ணனா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் ஸம்பிரதாயம் இதில் தெளிவானது. நம் பிள்ளைகள் எம்பெருமான் அல்லர். எம்பெருமானுக்குச் சேஷபூதரான ஜீவாத்மாக்கள். அதனால் அவர்களுடைய மதிப்பு குறையவில்லை. நம்முடைய பொறுப்பே கூடுகிறது. பிறர் உடைமையை நம்மிடம் ஒப்படைத்தால் அதை எப்படிப் பேணுவோம்? நெசவாளருக்கு இது நன்றாகத் தெரியும். தறியில் ஏறியிருக்கும் பட்டும் சரிகையும் பல வீடுகளில் நெய்கிறவருடையதல்ல, கொடுத்தவருடையது. ஆகையாலேதான் அதைத் தம் பொருளினும் மேலாகக் காக்கிறார். பிள்ளையும் அத்தகைய வைப்பே. உடையவன் ஸ்ரீமந்நாராயணன். அவனுடைய பொருளைக் குளிப்பாட்டுவதும், ஊட்டுவதும், துரத்திப் பிடிப்பதும் அவனுக்குச் செய்யும் கைங்கர்யத்தில் சேரும். திருவாராதனத்துக்குப் பொழுதில்லை என்று வருந்தும் தாய், தான் நாள் முழுவதும் எந்தப் பெருமானுடைய உடைமையைச் சுமக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சுமந்துகொண்டே இரண்டு திருநாமம் சொன்னாலும் அவன் குறையாகக் கொள்ளான்.

ஆனால் இங்கே ஓர் அபாயம் உண்டு. துடுக்கான பிள்ளையைச் சட்டென்று அடக்குவதற்கு எல்லாக் காலத்திலும் ஒரு குறுக்குவழி இருந்திருக்கிறது. பட்டு நெசவூர்களில் அது தறியாக இருந்தது. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகக் கோர்வைப் புடவை நெய்யும்போது, கரைக்கான நாடாவை எறிய இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பல இடங்களில் ஒரு சிறுவனுடையதாகவே இருந்தது. துள்ளிய கால் தறியோரத்தில் மடங்கியது, வீடு அமைதியாயிற்று, வருமானமும் சற்று வந்தது. வறுமை செய்வித்த காரியம் அது. ஏழைத் தந்தையைப் பழிப்பது நம் நோக்கமன்று. இன்று நிலை மாறியிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வியை உரிமையாக்கியது. 2016இல் செய்த திருத்தத்தின்படி, 14 வயது நிரம்பாதவரை எந்த வேலையிலும் அமர்த்தலாகாது. குடும்பத் தொழிலிலும் பள்ளி நேரம் போக உதவுவதற்கு மட்டுமே இடமுண்டு.

தறியோரம் உட்கார வைப்பது குறைந்தாலும், குறுக்குவழி ஒழியவில்லை. இன்றைய குறுக்குவழி கைப்பேசி. கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை இருந்த இடத்தில் இருக்கிறான், கால் ஆடுவதில்லை, குரல் எழுவதில்லை. ஆரணியிலும் இதுதான், அமெரிக்காவிலும் இதுதான். வீடு அமைதியாகிறது. அந்த அமைதியின் விலை என்ன?

விலையை ஆழ்வாரே சொல்லுகிறார். மூன்றாம் பத்தின் இரண்டாம் திருமொழியைப் பாருங்கள். 'என்னால் ஆகாது' என்ற அதே தாய், பிள்ளையைக் கன்று மேய்க்க அனுப்பிவிடுகிறாள். குலத்தொழில் அது, தவறென்று சொல்ல இயலாது. வீடு அடங்குகிறது. உறிகள் அப்படியே தொங்குகின்றன. முறையிட ஒருவரும் வரவில்லை. அப்பொழுது அவளுக்கு நெஞ்சு பதறுகிறது. ஊருக்குள் அவன் விருப்பப்படி திரிந்து விளையாட விடாமல், குடையும் செருப்பும்கூடக் கொடுக்காமல், சுடுகல் நிறைந்த காட்டுக்கு அனுப்பினேனே, என்ன பாவம் செய்தேன் என்று புலம்புகிறாள். நேற்று எவனுடைய ஓட்டத்தால் இளைத்தாளோ, இன்று அவன் ஓடாத முற்றத்தைக் கண்டு இளைக்கிறாள். அயர்ச்சியின் அடியில் கிடந்த பரிவு, பிள்ளை அகன்றவுடன் தனியே மேலெழுந்து நிற்கிறது. குலத்தொழிலுக்கு அனுப்பிய யசோதையே இப்படி இரங்கினாள் என்றால், நம் நிம்மதிக்காக ஒரு பிள்ளையின் விளையாட்டுப் பருவத்தை எடுத்துக்கொள்வதற்கு நமக்கு என்ன உரிமை?

'அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா?' வேண்டும். கட்டியவளும் யசோதையே. அந்தக் கட்டு எத்தகையது என்பதைப் பார்க்க வேண்டும். தாமோதர வைபவத்தை ஸ்ரீபாகவதம் விரிவாகக் கூறுகிறது. கோலோடு துரத்தியவள், பிடிபட்ட பிள்ளையின் கண்ணில் அச்சத்தைக் கண்டவுடன் கோலை எறிந்துவிட்டாள். பிறகு கயிற்றை எடுத்தாள். இரண்டு விரற்கடை போதவில்லை. வேறு கயிறுகளைச் சேர்த்து முடிந்தாள். ஒவ்வொரு முறையும் அதே இரண்டு விரற்கடை குறைந்தது. அவள் உடல் வியர்த்தது. கூந்தலிலிருந்து பூ நழுவியது. தாயின் களைப்பைக் கண்டான் பிள்ளை. இரங்கித் தன்னைக் கட்ட விட்டான். ஆகவே அவனைக் கட்டியது கயிற்றின் நீளமன்று. அவளுடைய பாடு அவன் கண்ணில் பட்டது. அந்த இரக்கமே கட்டாயிற்று. இந்த எளிமையை நினைத்தே நம்மாழ்வார் திருவாய்மொழியில் ஆறு மாதம் மோஹித்திருந்தார் என்பர் பூர்வர்கள். மதுரகவிகள் தம் ஆசாரியனைப் பாடப் புகுந்தவிடத்திலும் முதலில் எடுத்தது இந்தச் சிறு கயிற்றையே. அவருடைய பிரபந்தம் கண்ணிநுண்சிறுத்தாம்பு என்றே வழங்குகிறது.

கதை அங்கு முடியவில்லை. கட்டுண்ட பிள்ளை உரலை இழுத்துக்கொண்டு போய் இரு மருத மரங்களைச் சாய்த்தான். ஓசை கேட்டு ஊர் ஓடி வந்தது. நந்தகோபர் வந்து, கயிற்றோடு உரலை இழுக்கும் மகனைக் கண்டு, முறுவலித்துக் கட்டை அவிழ்த்தார். தாய் கட்டுவதற்கு ஒரு நேரம். தந்தை அவிழ்ப்பதற்கு ஒரு நேரம். கோலை எறிந்த பிறகே கட்டு, முறுவலோடு அவிழ்ப்பு. பிள்ளை வளர்ப்புக்கு வேண்டிய சாஸ்திரம் இதில் இருக்கிறது. அஞ்சும் பிள்ளையை அடிக்காதே. கட்டினாலும் அவிழ்க்க மறவாதே. கட்டும் கயிறு உன் சௌகரியத்தால் முறுக்கப்பட்டதா, பரிவால் முறுக்கப்பட்டதா என்று ஒருமுறை தொட்டுப் பார். பிள்ளையும் அதைத் தொட்டறிவான். 'அம்மா களைத்துவிட்டாள்' என்று உணர்ந்து ஒரு கணம் தானே வந்து மடியில் சாயும் பிள்ளையை எந்த வீட்டில் காணவில்லை?

தொழிலைக் கற்பிப்பதிலும் இதே முறை. ஆரணிப் பட்டு அடுத்த தலைமுறைக்கும் செல்ல வேண்டுமென்றால், பள்ளி விட்டு வந்து விளையாடி முடித்த பிள்ளை தானே தந்தையின் அருகில் வந்து, 'அந்த நாடாவைக் கொடுங்கள்' என்று கேட்க வேண்டும். ஆசையால் பிடித்த கை இழையை அறுக்காது.

வாயில் வந்தபடி வைதுவிடுகிறோம் என்ற குறைக்கும் ஆழ்வார் பரிகாரம் வைத்திருக்கிறார். நான்காம் பத்தின் ஆறாம் திருமொழியில், பிள்ளைகளுக்கு எம்பெருமான் திருநாமத்தையே இடுங்கள். அப்படிப் பெயரிட்டு அழைக்கும் தாய்க்கு நரகமில்லை என்று உறுதி கூறுகிறார். துடுக்கான பிள்ளையைப் பெற்ற தாய் இதில் மிகுந்த பாக்கியவதி. அடங்கிய பிள்ளையை நாளைக்கு நாலுமுறை அழைத்தால் போதும். இவளோ தறிக்குழியருகே ஒருமுறை, தெருப்பாவின் கீழே ஒருமுறை, சுவர்மேல் ஒருமுறை என்று, 'வரதா', 'கோவிந்தா', 'கேசவா' என நாள் முழுவதும் கூவிக்கொண்டே இருக்கிறாள். காது குத்த அழைத்த வேளையில் யசோதையும் கேசவன் முதலான பன்னிரு திருநாமங்களைச் சொல்லித்தான் அழைத்தாள். திருநாமத்தோடு வசைச்சொல்லை மட்டும் சேர்க்காமல் இருந்தால், அந்த வீட்டின் கூச்சலே நாமஸங்கீர்த்தனம்.

பகலெல்லாம் ஓடிய பிள்ளை அந்தியில் வீடு திரும்பும். ஆழ்வார் இரண்டாம் பத்தின் எட்டாம் திருமொழியில் திருவெள்ளறை எம்பெருமானைப் பிள்ளையாக அழைத்து, கண்ணேறு படாமல் அந்திக்காப்பு இடுகிறார். நாமும் விளக்கேற்றும் வேளையில் பிள்ளையை அருகழைத்து, திருமண்காப்பு இட்டு, தலையைத் தடவி, ஒரு பாசுரமாவது அவனோடு சேர்ந்து சேவிக்கலாம். அன்றைய முறையீடுகளை அந்நேரத்தில் எடுக்க வேண்டாம். எத்தனை இழை அறுந்தது என்ற கணக்கும் அப்போது வேண்டாம். முழங்காலில் சிராய்ப்பு இருந்தால் மருந்திடுங்கள். பெரியாழ்வார் எம்பெருமானுக்குச் செய்ததை, எம்பெருமானுடைய பொருளுக்கு நாம் செய்தோமாகிறோம்.

யசோதையின் பரிவைத் தந்தருளிய பெரியாழ்வார் திருவருளால், ஓடும் பிள்ளைகள் நோயின்றி ஓடுக. பின்னே ஓடும் தாய்மார் தளராதிருக்க.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்.
எம்பெருமானார் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்